பாட்டுக் கோப்பின் பெயரை மாற்றினால் போதுமா?

கேள்வி: டோரன்ட் வழியாக இசைக் கோப்புகளைப் பகிர்ந்து வந்தேன். பதிப்புரிமை மீறல் என்று இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து அறிவிப்பு வந்துள்ளது. என் கணினிக்குள் நுழைந்து பார்க்கிறார்களா? கோப்பின் பெயரை மாற்றினால் தப்பலாமா?

பதில்: உங்கள் கணினிக்குள் நுழைய வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. டோரன்ட் என்பது பயனர்களின் கணினிகள் ஒன்றுக்கொன்று நேரடியாகக் கோப்புகளைக் கொடுத்து வாங்கும் முறை. அதில் ஒரு கோப்பைப் பகிரும் கணினி, அதே கோப்பைத் தேடிவரும் மற்றக் கணினிகளுக்குத் தன் ஐபி முகவரியை (இணையத்தில் அந்த இணைப்பின் அடையாள எண்) காட்டியே தீர வேண்டும். பதிப்புரிமை உரிமையாளர்களுக்காக வேலை செய்யும் கண்காணிப்பு நிறுவனமும் சாதாரணப் பயனரைப் போல அந்தப் பகிர்வோர் கூட்டத்தில் சேர்ந்து, முகவரி, போர்ட் எண், நேரம், டோரன்டின் அடையாளமான ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் குறியீடு) ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் அந்த முகவரி எந்தச் சந்தாதாரரிடம் இருந்தது என்பது சேவை நிறுவனத்தின் பதிவேட்டில்தான் இருக்கும் என்பதால், அறிவிப்பு அவர்கள் வழியாக வருகிறது.

பெயர் மாற்றம் பயன்படாது. உங்கள் வன்தட்டில் என்ன பெயர் இட்டாலும் டோரன்டின் ஹேஷ் மாறுவதில்லை. யூடியூப் 2007 முதல் பயன்படுத்திவரும் கன்டென்ட் ஐடி போன்ற முறைகளோ பெயரைப் பொருட்படுத்துவதே இல்லை. ஒலியிலிருந்தே ஒரு 'கைரேகை'யை எடுத்து, உரிமையாளர்கள் தந்த மாதிரிகளோடு ஒப்பிடுகின்றன. எம்பி3 ஆக மாற்றித் தரத்தைக் குறைத்தாலும் அந்தக் கைரேகை பெரும்பாலும் அழிவதில்லை.

ஆனால் ஐபி முகவரி ஒரு மனிதர் அல்ல. 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எதையும் பதிவிறக்காத அச்சுப்பொறிகளின் முகவரிகளுக்கே மீறல் அறிவிப்புகள் வரும்படி செய்து காட்டினார்கள். பகிர்வோர் பட்டியலில் முகவரி இருந்ததே சில கண்காணிப்பு நிறுவனங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது! எனவே அறிவிப்பிலுள்ள நேரத்தையும் கோப்பையும் சரிபாருங்கள். வைஃபை கடவுச்சொல் யார் யாரிடம் உள்ளது என்றும் பாருங்கள். குறிப்பிட்ட கோப்பை உண்மையிலேயே நீங்கள் பகிர்ந்திருந்தால் பகிர்வை உடனே நிறுத்துங்கள். டோரன்ட் செயலிகள் பதிவிறக்கும்போதே பிறருக்குப் பதிவேற்றவும் செய்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. வழக்குகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே எழுகின்றன. பணம் கேட்டுக் கடிதம் வந்தால், வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் ஒப்புக்கொண்டு பதில் எழுதாதீர்கள்.

விபிஎன் (உங்கள் இணைப்பை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்பும் சேவை) உங்கள் முகவரியைக் கூட்டத்திடமிருந்து மறைக்கும். அதற்குப் பதிலாக அந்த விபிஎன் நிறுவனம் உங்களை அறிந்திருக்கும், அதுவும் பதிவேடு வைத்திருக்கக்கூடும். மேலும், இணையக் கடையில் வாங்கிய கோப்புகளுக்குள்ளேயே வாங்கியவரின் பெயரும் மின்னஞ்சலும் பதிந்திருக்கக்கூடும். ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் 2007இல் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாமல் விற்கப்பட்ட பாடல்களில் அப்படித்தான் இருந்தது.