ஜாமீன் கிடைத்தும் ஜெயில்தானா? – வாசகர் கேள்வி பதில்

எங்கள் தெருவில் குடியிருக்கும் அக்காவின் தம்பிக்கு ஜவ்வாது மலைப் பக்கம். செம்மரம் வெட்ட வந்தார் என்று ஆந்திரா போலீஸ் பிடித்து, இப்போது ஜாமீனும் கிடைத்துவிட்டது. ஆனால் உள்ளூர்க்காரர் இரண்டு பேர் சொத்துப் பத்திரத்தோடு வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். யார் வருவார்கள்? மாதக்கணக்காக உள்ளேயே கிடக்கிறார். தீர்ப்பே வராமல் இது என்ன தண்டனை ஐயா?
– ஒரு வாசகி, நகரி (ஆந்திரா)

சட்டத்தைக் கேட்டால் இது தண்டனையே இல்லை என்றுதான் சொல்லும், அதுதான் கொடுமை. எதற்காகத் தண்டிக்கிறோம் என்று கேட்டால் செய்ததை அனுபவிக்கட்டும், மற்றவனுக்குப் பயம் வரட்டும், ஊருக்குத் தொந்தரவில்லாமல் கொஞ்ச நாள் உள்ளே இருக்கட்டும், திருந்தி வரட்டும் என்று நாலு காரணம் சொல்வார்கள். விசாரணைக் கைதிக்கு இந்த நாலில் ஒன்றும் பொருந்தாது. வாய்தாவுக்கு ஒழுங்காக வர வேண்டும், சாட்சியைக் கலைக்கக் கூடாது, அதற்குத்தான் ரிமாண்ட். ஆனால் நம் ஜெயில்களில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாடு முழுக்க 5,73,220 பேர் உள்ளே இருந்தார்கள், அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர்! ஜெயில் ஆளைத் திருத்துகிறதா கெடுக்கிறதா என்று நாம் பட்டிமன்றம் நடத்துவதெல்லாம் மிச்சமிருக்கும் அந்த ஒருவரைப் பற்றித்தான்.

சரி, ஜாமீன்தாரர் விஷயத்துக்கு வருவோம். 1978-லேயே உச்ச நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும், கீழ்க்கோர்ட் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். கையெழுத்துப் போட வந்த உடன்பிறந்தவரையும், அவர் ஊரும் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருக்கின்றன என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வழக்கில்தான் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ பிடிபட்டால், அந்த ஊரில் சொத்து வைத்திருக்கும் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். அவர் பாலக்காட்டில் பிறந்தவர், 1948-ல் ஒரு மாதம் தானே சிறையில் இருந்தவர், 1957-ல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத்துறையையும் பார்த்தவர். மாநில எல்லையில் இருப்பவர்களின் பாடு அவருக்குப் புதிதல்ல.

அதற்குப் பிறகும் கீழ்க்கோர்ட்டுகளில் பழக்கம் போகவில்லை. அதனால் 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டி வந்தது: ஜாமீன் கொடுத்து ஏழு நாளில் கைதி வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் பத்திரம் தாக்கலாகவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். தாமதத்துக்கு உள்ளூர் ஜாமீன்தாரரைக் கேட்பதும் ஒரு காரணம் என்று அந்த உத்தரவிலேயே இருக்கிறது. எனவே அந்த அக்காவை வக்கீல் குமாஸ்தா பின்னால் அலைய விடாதீர்கள். வழக்கு நடக்கும் மாவட்டத்தின் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு, காசு செலவில்லை. நகரியில் இருக்கும் உங்களுக்குத் தெலுங்கு எழுத வரும், மலையிலிருந்து வந்தவருக்கு அவர் ரிமாண்ட் பேப்பரில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. மனுவை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

நாளை தண்டனை விழுந்தால் இந்த மாதங்களைக் கழித்துக்கொள்வார்கள். விடுதலையானால்? யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

"மரம் வெட்டுகிறவனை அப்படித்தான் வைக்க வேண்டும், பயம் வரும்" என்று உங்கள் தெருவிலேயே நாலு பேர் சொல்வார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைவிடப் பெரிய பயம் என்ன இருக்கிறது? அதற்குப் பிறகும் கைதுகள் நிற்கவில்லை. புரோக்கர் அட்வான்ஸ் பணத்தோடு வீட்டு வாசலுக்கே வருகிறான், வேலை வரவில்லை. கூலியாளை மட்டும் அடைத்துக்கொண்டிருந்தால் காடு எப்படிக் காப்பாற்றப்படும்?

ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம்தானே? டீக்கடையில் பந்தயம்.
– கம்பத்திலிருந்து ஒருவர்

பந்தயம் தோற்றீர்கள். ஆயுள் என்றால் உயிர் இருக்கும்வரை, காந்தி கொலை வழக்கில் ஆயுள் பெற்ற கோபால் கோட்சே தொடுத்த வழக்கில் 1961-லேயே முடிவான விஷயம். மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 வருடத்துக்கு முன்னால் அரசு விடக் கூடாது என்று 1978-ல் சட்டத்தில் சேர்த்தார்கள். அந்த 14 ஊர் வாயில் மொத்தக் கணக்காகிவிட்டது. அதற்கப்புறம் விடுவதும் விடாததும் அரசின் முடிவு.

கேரளத்தின் விய்யூர் ஜெயிலில் பிரியாணி செய்து விற்கிறார்கள், கைதிக்குச் சம்பளம் வேறு. இது தண்டனையா, வேலைவாய்ப்பா? அவனால் பாதிக்கப்பட்டவனுக்கு என்ன கிடைத்தது?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

2019-ல் ஆன்லைனில் 127 ரூபாய்க்கு வாழை இலையோடு வந்ததே, அதுதானே? கடுங்காவல் என்றாலே வேலை செய்துதான் ஆக வேண்டும். அந்த வேலைக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவருக்கு ஒதுக்கச் சட்டம் செய்ய வேண்டும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சும்மா உட்கார்ந்து பத்து வருடம் சாப்பிட்டுவிட்டு வருகிறவனைவிட, நூறு பேருக்குப் பரோட்டா போடத் தெரிந்து வருகிறவன் நம் ஊருக்கு நல்லது என்பது என் கட்சி. கேரளம் நெட்டுகால்தேரியில் 1962-லேயே திறந்தவெளிச் சிறை தொடங்கி, தண்டனைக் கைதிகளை ரப்பர் தோட்டத்தில் வேலை செய்ய வைத்த மாநிலம். (நகரி வாசகி சொன்ன ஆளுக்கு இந்த வேலை, கூலி, பயிற்சி எதுவும் கட்டாயமாகக் கிடைக்காது, அவர்தான் தண்டனைக் கைதி இல்லையே!)

ஆனால் உங்கள் கோபத்தின் இரண்டாம் பாதி நியாயம். கேஸ் முடிந்தால் பாதிக்கப்பட்டவரைக் கோர்ட்டே மறந்துவிடும், சாட்சிப் படி வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். 2009 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாநிலத்திலும் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, குற்றவாளி யாரென்றே தெரியாத வழக்கிலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். இது ஜெயில் பிரியாணி அளவுக்குப் பிரபலமாகவில்லை.

அண்ணனுக்குக் கேரளாவில் தண்டனை, திருவனந்தபுரம் பூஜப்புரை ஜெயிலில் இருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, மனு போட்டு நேரில் பார்க்க அவ்வளவு தூரம் போக முடியவில்லை. பாளையங்கோட்டை ஜெயிலுக்கு மாற்ற வழி உண்டா?
– ஒரு தங்கை, செங்கோட்டை

உண்டும்மா. கைதிகள் இடமாற்றச் சட்டம், 1950. இரண்டு மாநில அரசுகளும் சம்மதிக்க வேண்டும், அதனால் பைல் மெதுவாகத்தான் நகரும். அண்ணனே பூஜப்புரை சிறைக் கண்காணிப்பாளர் வழியாக மனு கொடுக்கட்டும். நீங்கள் அம்மாவின் மருத்துவச் சீட்டு, ரேஷன் கார்டு நகலோடு தமிழ்நாட்டுச் சிறைத்துறைக்கும் ஒன்று போடுங்கள். மேல்முறையீடு நடந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். விசாரணைக் கைதிக்கு இந்தச் சட்டம் கிடையாது, அண்ணன் தண்டனைக் கைதி என்பதால்தான் வழி இருக்கிறது. அதுவரைக்கும் இ-முலாகாத் இணையதளத்தில் பதிவு செய்து, சிறையில் அனுமதித்தால் வீடியோவில் பேசலாம். அம்மாவின் அடையாள அட்டையும் ஒரு செல்போனும் போதும்.