மெதுவாக ஓடுகிறவர் குழுவை விட்டு விலக வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 46. குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. நாலு மாதமாக ஊரிலுள்ள ஓட்டக் குழுவோடு வாரம் மூன்று நாள் காலை ஐந்தே காலுக்கு ஓடுகிறேன். ஐந்து கிலோமீட்டருக்கு எனக்கு 47 நிமிடம் ஆகிறது. நடுவில் நடக்கவும் செய்வேன். மற்றவர்கள் முன்னாலேயே முடித்துவிட்டு எனக்காகக் காத்து நிற்பார்கள். கைதட்டி, "நிக்காதீங்க டீச்சர், இன்னா வந்தாச்சு" என்று கூப்பிடுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்தக் கடைசி அரைக் கிலோமீட்டரில் வெட்கத்திலேயே சக்திக்கு மீறி ஓடிவிடுகிறேன். இப்போது இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். குழுவில் எல்லாரும் இன்னும் எட்டு வாரத்தில் 21 கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுக்கிறார்கள். பதிவு, பனியன், ஷூ, புரதப் பவுடர் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக ஒருங்கிணைப்பாளர் கேட்கிறார். நான் குழுவுக்குப் பாரமா? விலகிவிடலாமா?

பதில்: விலக வேண்டாம் டீச்சர். 21 கிலோமீட்டருக்குப் பெயரும் கொடுக்க வேண்டாம். அந்த எலும்பு வலி என்னவென்று தெரியும்வரை ஓடவும் வேண்டாம். வலியில்லாமல் நடக்க முடிந்தால் அதே நேரத்துக்குப் போய் அவர்களோடு நடங்கள்.

முதலில் பாரமா என்ற கேள்வி. கிலோமீட்டருக்கு ஒன்பதரை நிமிடத்துக்கும் குறைவாக ஓடுகிறீர்கள். நாலு மாதப் பழக்கத்துக்கு, அதுவும் உங்கள் வட்டாரத்து ரோட்டில், இது குறைவே இல்லை. மாவட்டத்தின் கிழக்கே நாஞ்சில் நாட்டில் சானல் (பாசன வாய்க்கால்) கரையில் ஓடுகிறவருக்கு வயக்காட்டுச் சமதரை. கல்குளம், விளவங்கோடு பக்கம் ஓர் ஏற்றம் முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். இப்படிப்பட்ட குழுக்கள் வாட்ஸ்அப்பில் போடுகிற வேகப் பட்டியலில் இந்த மேடு எதுவும் தெரியாது. அந்தப் பட்டியலைப் பார்ப்பதை நிறுத்துங்கள். முடிந்தால் போடுவதையே நிறுத்தச் சொல்லுங்கள்.

நடுவில் நடப்பதற்கும் வெட்கப்பட வேண்டாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலவே, அந்தப் பத்தாண்டிலேயே, களைப்பதற்கு முன்பே கொஞ்சம் நடந்து மறுபடி ஓடும் முறையைச் சாதாரண மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். முழு மாரத்தானையே இப்படி முடிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கால் சரியாகி ஓட்டம் மறுபடி பழகிய பிறகு, உங்களுக்கு இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்பது சரியாக இருக்கும். ஆரம்பத்திலிருந்தே அப்படி. முடியாமல் போன பிறகு நடப்பது வேறு கணக்கு.

இப்போது அந்தக் கைதட்டல். உங்கள் நண்பர்களின் மனசில் குறை இல்லை, அவர்கள் நிற்கிற இடத்தில்தான் குறை. முடிவுக் கோட்டில் நின்று கைதட்டினால், ஏற்கெனவே களைத்தவர் அந்த நேரத்தில்தான் வேகம் எடுப்பார். கால் தசை தளர்ந்து, பாதம் தரையில் தொப்பென்று விழுகிற நேரம் அது. பிசியோதெரபிஸ்டான என்னிடம் வரும் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களில் கணிசமானோர் இந்தக் கடைசி நீட்டத்தில்தான் காயப்படுகிறார்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை வையுங்கள். எல்லாரும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி, அவரவர் வேகத்தில் 20 நிமிடம் போகட்டும். 20 நிமிடம் ஆனதும், யார் எங்கே இருந்தாலும், அந்த இடத்திலேயே திரும்ப வேண்டும். வேகமானவர் நாலு கிலோமீட்டர் போயிருப்பார், நீங்கள் இரண்டு போயிருப்பீர்கள். அதே வேகத்தில் திரும்பினால் இருவரும் 40-ஆவது நிமிடத்தில் கிளம்பிய இடத்தில் இருப்பீர்கள். திரும்பும்போது நீங்கள்தான் முன்னால். அவர்கள் பின்னாலிருந்து வந்து சேருவார்கள். கடைசி இருநூறு மீட்டரில் மொத்தக் குழுவும் ஒன்றாக வரும். யாரும் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டியதில்லை. ஏற்ற இறக்கத்தால் ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் ஆகும், அதனால் என்ன?

லண்டன் புஷி பூங்காவில் 2004-இல் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன் இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. அதில் ஒரு தொண்டர் எப்போதும் எல்லாருக்கும் பின்னால் நடந்தே வருவார். ஆகவே ஓட வந்தவர் யாரும் கடைசி ஆள் ஆவதில்லை. உங்கள் குழுவிலும் வேகக்காரர்கள் முறை வைத்து வாரம் ஒருவர் பின்னால் வரலாம். இதற்குப் பணமும் வேண்டாம், பனியனும் வேண்டாம்.

பின்னால் வருகிறவர் "நிக்காதீங்க" என்று சொல்லக் கூடாது. "எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்க வேண்டும். நீங்கள் ஒரு முழு வாக்கியத்தில் பதில் சொன்னால் வேகம் சரி. "ம்" என்று மட்டும் வந்தால் இருவரும் நடக்க வேண்டும். வாயே திறக்காவிட்டால் நிற்க வேண்டும்.

"நிக்காதீங்க" என்ற சொல்லை நான் இவ்வளவு வெறுப்பதற்கு உங்கள் சர்க்கரை மாத்திரைதான் காரணம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் ஓடும்போது சர்க்கரை தாழ்வது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்றவையோ இன்சுலினோ இருந்தால் கதை வேறு. இவை நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, வெறும் வயிற்றில் காலை ஐந்தே காலுக்கு ஓடினால் தசையும் தன் பங்குக்கு இழுக்கும். சர்க்கரை தாழ்வதன் அறிகுறி என்ன? வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கால் தளர்வு, எரிச்சல், தலைச்சுற்றல். மேடேறும் ஓட்டக்காரரின் அறிகுறி என்ன? ஏறத்தாழ இதேதான். நம் ஊர் ஈரக்காற்றில் நின்றாலே வியர்க்கும். ரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் சில மாத்திரைகள் படபடப்பையும் மறைத்துவிடும். ஆக, உங்களுக்கு வருவது களைப்பா, தாழ்சர்க்கரையா என்று கைதட்டுகிறவருக்குத் தெரியாது, பல நேரம் உங்களுக்கே தெரியாது. அந்த நேரத்தில் "நிக்காதீங்க" என்று சொல்வது ஊக்கம் ஆகாது.

ஓடுவதற்கு முன் விரல் நுனியில் சோதித்துப் பாருங்கள். இந்த வகை மாத்திரை எடுக்கிறவருக்கு 90-க்குக் கீழே இருந்தால், ஒரு மட்டி வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்துக் கிளம்ப வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஓடும்போது இடுப்புப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். குழுவில் குறைந்தது இரண்டு பேருக்கு உங்களுக்குச் சர்க்கரை உண்டு என்பதும், அந்தப் பொட்டலம் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். மறைக்க வேண்டாம், நாற்பது வயதுக்கு மேல் உங்களைப் போல இன்னொருவர் அந்தக் குழுவிலேயே இருக்கக்கூடும். ஓடி முடித்துச் சில மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழலாம். இரண்டாம் பீரியடில் கரும்பலகை எழுத்து மங்கினால் சோதித்துப் பாருங்கள். நான் பிசியோதெரபிஸ்ட், மாத்திரை அளவை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. "நான் வாரம் மூன்று நாள் ஓடுகிறேன்" என்று உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். பலர் இதைச் சொல்வதே இல்லை. டாக்டரும் கேட்பதில்லை, வாசலில் அறுபது பேர் நிற்கும்போது எங்கே கேட்பார்!

இனி அந்த வலி. விரல் நுனியால் எலும்பின் உள்ஓரத்தை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டு வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் குறைகிறது என்றால் எலும்புறையின் எரிச்சலாக இருக்கலாம். ஓய்வும் கெண்டைக்கால் பயிற்சியும் போதும். ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தால், ஓட ஓட வலி கூடினால், ராத்திரி படுக்கையிலும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்க வாய்ப்பு உண்டு. முதல் சில வாரங்களில் இது எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. "எக்ஸ்ரே சுத்தம், ஓடலாம்" என்று அனுப்பிவைக்கப்பட்டு, முழு முறிவோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புள்ளி வலி இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குவதால் எலும்பு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

அடுத்தது அந்த ஒரே தொகை. எனக்குப் பொறுமை போவது இங்கேதான். ஓட்டக் குழு என்பது காலையில் நாலு பேர் கூடி ஓடுவது. அதில் ஒருவர் வியாபாரி ஆகிவிட்டால் மற்றவர்கள் வாடிக்கையாளர் ஆகிவிடுவார்கள். அதன்பிறகு அவர் சொல்லும் "உங்களால் முடியும்" ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. உங்கள் ஒருங்கிணைப்பாளர் நல்லவராகவே இருக்கட்டும். இருந்தாலும் கேளுங்கள்: பணம் யார் கணக்குக்குப் போகிறது? ரசீது யார் பெயரில்? கூட்டமாகப் பதிவு செய்தால் பல போட்டிகளில் தள்ளுபடி உண்டு, அது யாருக்கு வந்தது? பாதை நெடுகத் தண்ணீர் எத்தனை இடத்தில்? ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்? ரோட்டை மறிக்கப் போலீஸ் அனுமதி வாங்கியாயிற்றா? முடிக்க எவ்வளவு நேரம் தருவார்கள்? "பதக்கம் எல்லாருக்கும் உண்டு" என்பது இதில் எதற்கும் பதில் ஆகாது.

உங்கள் இப்போதைய வேகம் குறையாமல் இருந்தாலே 21 கிலோமீட்டருக்கு மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிச்சயம் குறையும். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பது மணி வெயிலில் ஓடிக்கொண்டிருப்பீர்கள், பாதை திறக்கும் போலீஸ்காரர் விசில் அடிப்பார். எட்டு வாரத்தில் ஐந்திலிருந்து இருபத்தொன்றுக்குத் தாவுவதற்கு ஒரு குறுக்குவழி உங்களிடம் கட்டாயம் நீட்டப்படும்: ஓடும் முன் ஒரு வலி மாத்திரை. டைக்ளோஃபினாக் வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வியர்த்து நீர் வற்றி, மணிக்கணக்கில் ஓடினால் சிறுநீரகம் கெடலாம். சர்க்கரை உள்ளவர் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பவுடர் வேண்டாம். வாரம் மூன்று நாள் ஓடும் உங்களுக்கு இரண்டு முட்டை, கொஞ்சம் சாளை மீன், சிறுபயறு போதும். மீன் இந்த மாவட்டத்தில் கிடைக்காதா என்ன? டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருப்பதைக் காட்டுவார்கள். அது அந்த உணவு வியாபாரத்துக்கான உரிமம். பவுடர் வேலை செய்யும் என்பதற்கான சான்று அல்ல. பவுடர் விற்கிறவர் "நீங்களும் இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஷூவைக் கூட்டத்தோடு கூட்டமாக ஆர்டர் செய்வது சட்டையைக் கண் அளவில் தைப்பது மாதிரி. சாயங்காலம், கால் கொஞ்சம் உப்பியிருக்கும் நேரத்தில், கடைக்குப் போய்ப் போட்டு நடந்து பார்த்து வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். உங்களை மெஷினில் ஓடவிட்டுப் படம் பிடித்து, "தட்டைப் பாதம், அதற்கென்று தனி ஷூ" என்று இரட்டை விலை சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே வகை. காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. காலுக்குச் சுகமாக இருப்பதே உங்கள் ஷூ.

இத்தனைக்கும் பிறகு குழுவில் இருங்கள் என்று ஏன் சொல்கிறேன்? விடிவதற்கு முன் ஒரு பெண் தனியாக ஓட இந்த மாவட்டத்தில் எத்தனை ரோடு இருக்கிறது? பாதி விளக்கு எரியாது, நடைபாதை கிடையாது, நாய்த் தொல்லை வேறு. 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டத்துக்கு ஓர் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதையைத் தமிழக அரசு தொடங்கிவைத்தது. நல்ல யோசனைதான். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்காரர் எப்போது கிளம்பி எப்போது வந்து நடப்பது? பல பள்ளிக்கூடங்களில் மைதானம் இருக்கிறது, ஒன்பது மணி வரை கேட்டுக்குப் பூட்டு. நீங்கள் ஆசிரியை, தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்; மண்தரை உங்கள் கால் எலும்புக்கு லாரி ஓடும் தார்ரோட்டை விட எவ்வளவோ மேல். "மேலிடத்து அனுமதி வேண்டும்" என்று சொல்வார். எழுதிக் கொடுத்துத் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.

வலி தீர்ந்து, ஒரு வாரம் வலியில்லாமல் வேகமாக நடக்க முடிந்த பிறகு, ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று தொடங்குங்கள். அந்தப் போட்டியில் 5 கிலோமீட்டர் பிரிவு இருந்தால், அதற்குள் கால் சரியாகியிருந்தால், பதிவுக் கட்டணத்தை மட்டும் நீங்களே நேரடியாகக் கட்டுங்கள். டாக்டரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு, இந்த வாரம் காலையில் எடுத்த சர்க்கரை அளவுகளையும் எழுதிக் கொண்டுபோங்கள்.