சைவப் பிள்ளை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குக் கத்தோலிக்கத் தோழிகளோடு போய்க் கும்பிடலாமா? அங்கே எப்படி நடந்துகொள்வது?

தாராளமாகப் போகலாம். நானும் சைவம்தான், வீடு வெள்ளவத்தையில். ஒன்பது செவ்வாய்க்கிழமை விடாமல் கொச்சிக்கடைக்குப் போயிருக்கிறேன். போனது எனக்காக இல்லை, தோழியின் அப்பாவுக்காக.

அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நடை மெல்ல மெல்லத் திரும்பியது, கதை மட்டும் வரவில்லை. முன்பெல்லாம் நான் படியேறும் சத்தம் கேட்டாலே "வா மகள், சாப்பிட்டியா?" என்பார். அதே மனிதர் கதிரையில் இருந்து கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தோழி மட்டக்குளிக் கத்தோலிக்கப் பிள்ளை. அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்த்தி வைத்தாள். தனியே போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும், எங்களோடு வேலை செய்த ஒரு சிங்களப் பிள்ளையையும் கூப்பிட்டாள். அவள் பௌத்தம்.

தொலைந்த பொருளைத் தேடித் தருகிற புனிதர் என்றுதான் அந்தோனியாரைப் பற்றி அதுவரை கேள்விப்பட்டிருந்தேன். பஸ்ஸில் அதைச் சொன்னேன். "அப்பாவின் கதையும் தொலைந்ததுதானே" என்றாள். பிறகு நாக்கின் கதையைச் சொன்னாள். அந்தோனியார் பேர்போன போதகர், 1231இல் இத்தாலியின் பதுவை நகருக்கு அருகே இறந்தவர். 1263இல் கல்லறையைத் திறந்தபோது உடல் மக்கிப்போயிருந்தும் நாக்கு மட்டும் அழியாமல் இருந்ததாம். அந்த நாக்கின் ஒரு சிறு துண்டு கொச்சிக்கடைக் கோவிலில், அவருடைய சொரூபத்தோடு கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அவளுக்கு ஏன் அந்தோனியாரே வேண்டியிருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. செவ்வாய்க்கிழமையும் காரணத்தோடுதான். அவரை அடக்கம் செய்த நாள் அது.

கோவில் கொழும்பு 13இல், துறைமுகத்துக்குப் பக்கத்தில். பொன்னம்பலவாணேசர் சிவன் கோவிலும் கிட்டத்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு வியாபாரி வேடத்தில் மறைந்து திரிந்தாராம். கடல் கரையை அரித்துக்கொண்டு வந்தபோது மீனவர்கள் அவரிடம் அழ, அவர் சிலுவையை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது என்பது அந்த இடத்தின் கதை. பெரிய ஆலயம் 1834இல் எழுந்தது. மதம் கேட்டு யாரையும் அந்த வாசலில் மறித்ததில்லை. செவ்வாயில் போய்ப் பாருங்கள், திருநீறு பூசிய நெற்றிகளும் மெழுகுதிரிக்கு நிற்கும்.

வாசலில் பையைச் சோதித்தால் முகம் சுளிக்காதீர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் இங்கே குண்டு வெடித்தது. அன்று நாட்டில் பல இடங்களில் நடந்த தாக்குதல்களில் 260க்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ஆலயத்தைத் திருத்தி, ஜூன் 13 திருவிழாவுக்கு முதல் நாளே திரும்பத் திறந்தார்கள். இறந்தவர்களுக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு கிழமையும் முதலில் அங்கேதான் நின்றோம். நீங்களும் கொஞ்சம் நில்லுங்கள். தயவுசெய்து போனை எடுக்க வேண்டாம்.

நீங்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. பூசையில் நற்கருணை வாங்க எல்லாரும் எழும்புவார்கள். அப்போது வரிசையில் சேராமல் உங்கள் இடத்திலேயே இருங்கள். நம் கோவில் பிரசாதம் போல வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பது இல்லை அது. அவர்களுக்கு அது கிறிஸ்துவின் உடல். திருமுழுக்குப் பெற்று, ஆயத்தத்தோடு வருகிற கத்தோலிக்கர் வாங்குவது. இருந்த இடத்தில் இருப்பதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். மற்றபடி அவர்கள் முழந்தாளிட்டால் நீங்களும் முழந்தாளிடலாம், முடியாவிட்டால் இருக்கலாம். மெழுகுதிரி கொளுத்தலாம், கண்ணாடியைத் தொட்டுக் கும்பிடலாம்.

என்ன சொல்லிக் கும்பிடுவது? முதல் கிழமை எனக்கும் தெரியவில்லை. தோழி செபம் சொல்லச் சொல்ல நான் மனதுக்குள் நமசிவாய சொன்னேன். மற்றவள் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மூன்று பேருடைய வேண்டுதலும் ஒரு மனிதருடைய வாயைப் பற்றியது. அதைவிடப் பொருத்தமான செபம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

எட்டாம் கிழமை வீட்டில் அவர் "தண்ணி" என்றார். வைத்தியசாலையில் பேச்சுப் பயிற்சியும் விடாமல் நடந்தது, ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. பயிற்சியா புனிதரா என்று தோழி பிரித்துப் பார்த்ததே இல்லை. அடுத்த செவ்வாய் இரண்டுக்கும் சேர்த்து நன்றி சொன்னாள்.

இப்போது நான் போனால் "வா" என்கிறார். "மகள்" இன்னும் வரவில்லை. நேர்த்தி முடிந்தாலும் மூன்று பேரும் இடைக்கிடை செவ்வாயில் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.