வீட்டுல ரெண்டு மெஷின் இருக்கும்போது மூணாவது எதுக்குன்னு கேட்ட தங்கச்சிக்கு

கேள்வி: அக்கா, நான் வீட்டுலயே பிளவுஸ், சுடிதார், நைட்டி தைக்கிறேன், வாரத்துக்கு 15 உருப்படி வரும். அம்மா சீதனமா கொடுத்த கருப்பு மிதி மெஷின் ஒண்ணு, நாலு வருஷம் முன்னாடி வாங்கின சின்ன ஜிக்ஜாக் மோட்டார் மெஷின் ஒண்ணு இருக்கு. இப்ப பழைய காட்டன் சேலைகளை அடுக்கி குழந்தைங்களுக்குப் போர்வையும் தைக்க ஆரம்பிச்சிருக்கேன். துணி ஓரம் பிரியாம ஓவர்லாக் அடிக்க மட்டும் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடைக்குப் போறேன், உருப்படிக்கு 15 ரூபாய். ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கிக்கறேன்னா வீட்டுக்காரர், "இருக்கறது ரெண்டு காலு, எத்தனை மெஷினை மிதிப்ப, பழசு ரெண்டையும் கொடுத்துட்டு எல்லாத்தையும் செய்யற மாதிரி ஒண்ணா வாங்கு"ங்கறார். நியாயமாத்தான் படுது. நான் ஆசைக்குத்தான் கேக்கறேனா அக்கா?
வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: ஆசைக்கு இல்லம்மா, வேலைக்குத்தான் கேக்கறீங்க. தாராளமா வாங்குங்க, ஆனா பழசு ரெண்டையும் கொடுத்துடாதீங்க, முக்கியமா அம்மா மெஷினை. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், ஏன்னா இதே கேள்வியை எங்க வீட்டுலயும் கேட்டாங்க, அப்ப எனக்கு சரியா பதில் சொல்லத் தெரியாம வாயை மூடிக்கிட்டு ரெண்டு வருஷம் ஓவர்லாக்குக்கு வெளிய அலைஞ்சேன்.

"எல்லாத்தையும் செய்யற ஒண்ணு"ன்னு அவர் சொல்றாரே, அப்படி ஒரு மெஷினே கிடையாது, அதுதான் விஷயம். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு மெஷின்னா ஊசி மேலயும் கீழயும் போகும் துணி நகரும், அவ்வளவுதான் தெரியும். உள்ள நடக்கறது வேற. உங்க ரெண்டு மெஷினும் போடறது பூட்டுத்தையல், மேல் நூல் ஊசியோட இறங்கி கொஞ்சம் மேல ஏறும்போது ஒரு வளையம் விடும், கீழ சுத்தற ஷட்டில் அந்த வளையத்தைப் பிடிச்சு, கீழ் நூல் சுத்தின பாபினைச் சுத்தி இழுத்துட்டு வரும், ரெண்டு நூலும் துணிக்கு நடுவுல பூட்டிக்கும். ஓவர்லாக்ல பாபினே கிடையாது. ஒரு ஊசி, நூலை வளையமா கொண்டு வர்ற லூப்பர்ங்கற கொக்கி ரெண்டு, பக்கத்துல ஒரு கத்தி, கத்தி ஓரத்தை சீவிக்கிட்டே போகும், லூப்பர் ரெண்டும் அந்த வெட்டின ஓரத்தை நூலால சுத்திக்கிட்டே வரும். அமைப்பே வேற, அதனால இதை அதுலயோ அதை இதுலயோ அப்படியே செய்ய முடியாது. ஓவர்லாக்கை வச்சு ஒரு ஜிப் வைக்க முடியுமா, டாட், அதாவது உடம்புக்குப் பொருந்தற மாதிரி துணியை மடிச்சுத் தைக்கிறது, அதைப் பிடிக்க முடியுமா? முடியாது, துணியோட ஓரத்தை விட்டு அது உள்ள வரவே வராது. ஜிக்ஜாக்ல ஓரம் அடிக்கலாம், நானும் அடிச்சிருக்கேன், ஆனா ஓரத்தை முன்னாடியே கத்திரியால சீராக்கணும், மெல்லிசு துணின்னா ஓரம் சுருண்டுக்கும், நேரமும் ரொம்பப் பிடிக்கும்.

அவர்கிட்ட வாயால விளக்கிக்கிட்டு இருக்காதீங்க, ஒரு நாள் சாயந்தரம் ஸ்டூல் போட்டு பக்கத்துல உக்கார வச்சு ஒரு லைனிங் பிளவுஸை முழுசா தைச்சுக் காட்டுங்க. லைனிங்கை ஒட்டித் தைக்கிறது, டாட், பட்டி, தோள், கை, எல்லாம் நேர்த்தையல். ஓரம் பிரியாம இருக்கறதுக்கு ஓவர்லாக். அதே நாள் யாராவது சேலைக்கு ஃபால்ஸ் வச்சு ஓரம் அடிக்கக் கொடுத்திருந்தா அதுக்கு ஜிக்ஜாக். இத்தனையும் முடிக்க எத்தனை தடவை ஊசி மாத்துறீங்க, துணியை அழுத்திப் பிடிக்கற ஃபுட்டை மாத்துறீங்க, நூல் இறுக்கத்துக்கான டென்ஷனைத் திருகி ஒரு துண்டுத்துணில தைச்சுப் பாத்து மறுபடி திருகுறீங்கன்னு அவரே கண்ணால பாக்கட்டும். தையல்ல நேரம் போறது தைக்கிறதுல இல்லை, இந்த மாத்திக்கிட்டே இருக்கறதுலதான் போகுது. மெல்லிசு ஷிஃபானுக்கு 11 நம்பர் ஊசி, காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கோ போர்வைக்கோ 16, 18னு ஏறணும், ஊசி மாறினா டென்ஷன் மாறும், தையல் நீளம் மாறும். ஒரு மெஷினை ஒரு வேலைக்கு செட் பண்ணி அப்படியே விட்டுட்டா, அந்த வேலை வரும்போது நேரா போய் உக்காந்து அடிக்க வேண்டியதுதான். மூணு மெஷின் வச்சிருக்கவங்க மூணையும் ஒரே நேரத்துல மிதிக்கறதில்லைங்க, ஒண்ணை விட்டு இன்னொண்ணுக்கு நகர்ந்து உக்கார்றாங்க. அதைத்தான் வெளிய இருக்கவங்களுக்குப் புரிய வைக்க முடியறதில்லை.

இதுல இன்னொண்ணும் இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியாது. ஜிக்ஜாக் மெஷின்ல ஊசி இடமும் வலமும் ஆடணும், அதனால ஊசித்தட்டுல இருக்கற ஓட்டை அகலமா இருக்கும். மெல்லிசு துணியை அதுல நேரா தைச்சா ஆரம்பிக்கும்போதே ஊசி துணியை அந்த ஓட்டைக்குள்ள தள்ளிடும், துணியை நகர்த்தற பல்லு மென்னுடும். அம்மா மெஷின்ல ஓட்டை சின்ன வட்டம், ஊசி போற அளவுதான், துணி சுத்தி பிடிமானமா நிக்கும், தையல் கோடு போட்ட மாதிரி வரும். புதுசு நல்லது பழசு மட்டம்னு இல்லை, அது நேரா தைக்கிறதுக்குன்னே பொறந்தது.

இப்ப உங்க போர்வை. லெட்டர்ல நீங்க ஒரே வரில சொல்லிட்டுப் போன இந்த விஷயந்தான் எனக்கு ரொம்ப சந்தோஷம், பழைய காட்டன் சேலை மாதிரி குழந்தை உடம்புக்கு இதமான துணி வேற என்ன இருக்கு. ஆனா இதை எந்த மெஷின்ல தைக்கிறீங்கன்னு எழுதல. சின்ன மோட்டார் மெஷின்ல தைக்கிறீங்கன்னா நிறுத்துங்க. அஞ்சாறு மடிப்பை அதுக்குள்ள திணிச்சு ஓட்டினா மோட்டார் சூடாகும், நான் அப்படித்தான் ஒரு தடவை ஜீன்ஸ் பேன்ட் அடிமடிப்பை வம்பா ஓட்டி ஊசி முறிஞ்சு, ஊசியும் ஷட்டிலும் சேர்ற டைமிங் போயி ஒரு வாரம் மெக்கானிக் கடைல கிடந்துச்சு, தீபாவளி ஆர்டர் நேரம், எவ்வளவு அழுதிருக்கேன் தெரியுமா. மிதி மெஷின் இரும்பு வார்ப்பு, கனம், உங்க கால் போற வேகத்துல போகும், தடிப்பு வர்ற இடத்துல கையால வீலைச் சுத்தி ஒவ்வொரு தையலா ஏத்தி இறக்கலாம். 16 இல்லைன்னா 18 ஊசி போடுங்க, தையலைப் பெருசாக்குங்க, ஃபுட் அழுத்தற திருகைக் கொஞ்சம் தளர்த்துங்க. அடுக்கு நகர்ந்து மேல் சேலை மட்டும் சுருங்கி நிக்குதா? அது உங்க தப்பு இல்லை, பல்லு கீழ் துணியை மட்டுந்தான் இழுக்கும், மேல இருக்கறது பின்தங்கும். ஒரு சாண் இடைவெளில சேஃப்டி பின் குத்திக்கோங்க, நடுவுல இருந்து ஓரத்துக்குத் தைங்க, போர்வை கீழ தொங்காம பக்கத்துல ஒரு ஸ்டூலோ கட்டிலோ போட்டு தாங்கக் கொடுங்க, தொங்கற கனம்தான் ஊசியை வளைக்குது. ஜிக்ஜாக் மெஷினுக்கு வாக்கிங் ஃபுட்னு ஒண்ணு தனியா வருது, மேல் துணியையும் சேத்து இழுக்கும், மெல்லிசா ரெண்டு மூணு அடுக்குன்னா அதைப் போட்டுத் தைக்கலாம்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கற சண்டை இல்லை. அமெரிக்காவுல குவில்ட்னு அடுக்குப் போர்வை தைக்கிறவங்க வீட்டுல பெரிய மெஷின் எத்தனை இருந்தாலும் கிளாஸுக்குத் தூக்கிட்டுப் போக சிங்கர் 221ன்னு ஒரு குட்டி மெஷினைத் தேடித்தேடி வாங்குவாங்க, 1933ல வந்தது, அலுமினிய உடம்பு, அஞ்சு கிலோ சுமார்தான், நேர்த்தையல் மட்டும் போடும். அவங்க வீட்டுலயும் இதே கேள்வி வந்திருக்கும்னுதான் நினைக்கிறேன்.

சரி, காசு. வாரம் 15 உருப்படி, 15 ரூபாய், அப்ப வாரத்துக்கு 225, மாசம் 900க்கு மேல கடைக்குப் போகுது. பஸ் செலவு தனி, அங்க காத்துக்கிட்டு நிக்கற நேரத்துல ஒரு பிளவுஸ் வெட்டி முடிச்சிருக்கலாம், அந்த நேரத்துக்கும் விலை இருக்கு. ஒரு மாசம் நோட்டுல எழுதுங்க, எத்தனை உருப்படி எந்த வேலைக்கு வெளிய போச்சுன்னு. அந்த நோட்டுதான் அடுத்து எந்த மெஷின்னு சொல்லும். உங்களுக்கு இப்பவே தெளிவா ஓவர்லாக்னு தெரியுது, ஆனா நோட்டை அவர்கிட்ட காட்டலாம்ல, அதுக்காகவாவது எழுதுங்க. எம்ப்ராய்டரி மெஷின், கம்ப்யூட்டர் மெஷின்னு கடைக்காரர் காட்டினா மயங்காதீங்க, உங்க நோட்டுல அந்த வேலை இல்லை. அழகா இருக்கேன்னு வாங்கி அட்டைப்பெட்டியோட பரண்ல போட்டவங்களை எனக்குத் தெரியும், அந்த மாதிரி மூணாவது மெஷினைத்தான் வேணாம்கறேன்.

மூணு நூல் ஓவர்லாக் உங்களுக்குப் போதும். லெகிங்ஸ், பனியன் துணின்னு நிறைய வந்தா மட்டும் நாலு நூல் பாருங்க, அது ஓரம் அடிக்கும்போதே இணைக்கவும் செய்யும், இழுத்தாலும் தையல் அறாது, நம்ம பூட்டுத்தையல் பனியன் துணில இழுத்த உடனே பட்டுனு விட்டுடும். நீங்க இருக்கறது திருப்பூர் மாவட்டம், கம்பெனிகள்ல இருந்து வர்ற செகண்ட் ஹேண்டு பவர் மெஷின் விலை கம்மியா காதுல விழும். நல்ல மெஷின்தான், ஆனா மோட்டார் த்ரீ ஃபேஸா சிங்கிள் ஃபேஸான்னு முதல்ல கேளுங்க, நிறைய வீட்டுல சிங்கிள் ஃபேஸ்தான் இருக்கும், தூக்கிட்டு வந்தப்புறம் தெரிஞ்சா மோட்டார் தனியா வாங்கணும். கிளட்ச் மோட்டார்னா நீங்க தைக்காம சும்மா உக்காந்திருந்தாலும் உள்ள சுத்திக்கிட்டே கரண்டை இழுக்கும், சத்தமும் போடும், சர்வோ மோட்டார் மிதிச்சாத்தான் ஓடும், ராத்திரி குழந்தைங்க தூங்கற வீட்டுக்கு அதுதான் சரி. வீலைக் கையால மெதுவா சுத்திப் பாருங்க, எங்கயாவது தட்டுதான்னு. ஒரு மெல்லிசு ஒரு தடிப்புன்னு ரெண்டு துணி கையோட எடுத்துட்டுப் போயி அடிச்சுப் பாத்து, துணியைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்க. கத்தி, லூப்பர் பக்கத்துல எங்க கிடைக்கும்னு கேட்டுக்கோங்க. பவர் மெஷின் ஊசி வட்டக்காம்பு, வீட்டு மெஷின் ஊசி ஒரு பக்கம் தட்டை, ரெண்டையும் ஒரே டப்பால கலந்து போட்டுடாதீங்க.

வாங்கின முதல் வாரம் எல்லாரும் செய்யற தப்பு ஒண்ணு இருக்கு, பிளவுஸ் பக்கத்தை இணைச்சு முடிச்சுட்டு மொத்தமா ஓவர்லாக்ல விட்டுடறது. தையலுக்கு உள்ள விட்டிருக்கற துணியை கத்தி சீவித் தள்ளிடும், அப்புறம் அந்தம்மா உடம்பு போட்டு பிரிச்சு விடச் சொல்லி வரும்போது பிரிக்க ஒண்ணும் இருக்காது. இணைக்கறதுக்கு முன்னாடி முன் துண்டு, பின் துண்டு தனித்தனியா ஓரம் அடிங்க, அப்புறமா ஒரு இஞ்சு உள்ள விட்டு இணைங்க.

இடம் இல்லைன்னு வீட்டுக்காரர் சொல்வார், அது நியாயமான பேச்சு, அதை மட்டும் அவர்கூட உக்காந்து பேசுங்க. சின்ன ஜிக்ஜாக்கை வேலை இல்லாதப்ப தூக்கி அலமாரில வச்சுக்கலாம், நிரந்தரமா இடம் வேண்டியது ரெண்டுக்குத்தான்.

அம்மா மெஷினை எக்ஸ்சேஞ்சுல போடற பேச்சை இதோட விட்டுடுங்க. அவங்க கொடுக்கற விலை பழைய இரும்பு விலைக்குக் கிட்டத்துலதான் நிக்கும். அந்த மாதிரி கருப்பு ஹெட்டுங்க பெரும்பாலும் பழைய சிங்கர் 15 மாடலை ஒட்டி வந்தது, பாபின் கேஸ், ஷட்டில்னு எல்லாம் சின்ன ஊர் தையல் சாமான் கடைலயும் கிடைக்கும். கரண்டு இல்லாத நாள்ல, நாளைக்கு கல்யாணம்னு ஒருத்தர் பிளவுஸோட வாசல்ல வந்து நிக்கும்போது ஓடப்போறதும் அதுதான். ரொம்ப நாள் ஓட்டலைன்னா எல்லா ஓட்டைலயும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நூல் போடாம பத்து நிமிஷம் மிதிங்க, அப்புறம் கழிவுத்துணில தைச்சு கசியற எண்ணெயை எடுத்துடுங்க. தோல் பெல்ட் தளர்ந்து வீல் வழுக்குச்சுன்னா புதுசு வாங்காதீங்க, கம்பி கிளிப்பைக் கழட்டி அரை இஞ்சு வெட்டிட்டு மறுபடி ஓட்டை போட்டு மாட்டுங்க, போதும்.