கடப்பா தட்டுகளை உடைக்க வேண்டாம்

கேள்வி: 25 ஆண்டுகளுக்கு முன் கட்டிய எங்கள் வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்க விரும்புகிறோம். அறை 10 அடிக்கு 8 அடி. மொசைக் மேடை; அதன் அடியில் கதவில்லாத கடப்பா கல் தட்டுகள். எங்களால் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை செலவிட முடியும். பழையதை முழுவதும் இடித்துவிட்டு மாடுலர் கிச்சன் அமைக்க ஒரு நிறுவனத்தார் இதைப் போல் இருமடங்கு கேட்டார்கள். முடியாது என்றதும், பார்ட்டிகிள் போர்டில் செய்தால் எங்கள் தொகைக்குள் முடித்துவிடலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா ஐயா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சம்மதிக்க வேண்டாம், சகோதரி. பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளையும் சிராய்களையும் பசையிட்டு அழுத்திய பலகை. படுக்கையறை அலமாரிக்கு அது ஒருவேளை பொருந்தலாம். தினமும் தண்ணீர் புழங்கும் நம் சமையலறையில், சிங்க்குக்கு அடியில் ஒரு சிறு கசிவு ஏற்பட்டாலும் அது ஊறிப் பருத்துவிடும். பருத்த பலகை காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. கீலைப் பிடித்திருக்கும் திருகாணிகள் தளர்ந்து, கதவு தொங்கத் தொடங்கும். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் சில ஆண்டுகளில் ஊறிக் கெட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன்; உங்களுக்கு அது நேரக்கூடாது.

அவர்கள் இடிக்கச் சொல்லும் கடப்பா தட்டுகள்தாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் முதலீடு. அந்தக் கல் தண்ணீரில் ஊறாது, கரையான் அரிக்காது, அரிசித் தவலையையும் குக்கரையும் சுமந்து வளையாது. எனவே தட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, முகப்புக்கு மட்டும் கதவு போடுங்கள். கல்லில் கீலைத் திருக முடியாது என்பதால், மேடைக்கு அடியில் உள்ள ஒவ்வொரு தடுப்பின் வாயிலிலும் ப்ளைவுட் சட்டம் ஒன்றைப் பொருத்தி, அதில் கதவை மாட்ட வேண்டும். பழைய கட்டுமானத்தில் கற்கள் நேர்குத்தாக இருப்பது அரிது; அந்தக் கோணலைச் சட்டத்திலேயே சரிசெய்யத் தெரிந்த தச்சரைத் தேடிப் பிடியுங்கள். இந்த வேலையின் அழகு முழுவதும் அவர் கையில்தான் இருக்கிறது.

ப்ளைவுட் வாங்கும்போது ‘வாட்டர் ப்ரூஃப்’ என்ற சொல்லை நம்பாமல், பலகையின் மேல் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் எண்ணையும் பாருங்கள். ஐ.எஸ். 710 என்பது 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தாலும் அடுக்குகள் பிரியக்கூடாது என்று சோதிக்கப்படும் மரைன் தரம். சிங்க்கை ஒட்டிய பகுதிக்கு இதுவே வேண்டும். மற்ற கதவுகளுக்கு ஐ.எஸ். 303-இல் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) வகை போதும். அதே 303 எண்ணில் எம்.ஆர். என்று ஒரு வகையும் வருகிறது. அது ஈரப்பதத்தைத் தாங்குமே தவிர, தண்ணீரைத் தாங்காது. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண் உண்மையானதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ கைபேசிச் செயலியில் நீங்களே சரிபார்க்கலாம். வெட்டிய விளிம்புகள் எல்லாவற்றிலும், கண்ணுக்குத் தெரியாத அடிவிளிம்பு உட்பட, பட்டை ஒட்டச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான்.

இழுப்புக் கூடைகளை எல்லா இடத்திலும் வைக்க ஆசைப்பட வேண்டாம். கரண்டிகளுக்கு ஒன்று, தட்டுகளுக்கு ஒன்று என அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு போதும். 15, 17, 19, 21 அங்குலம் எனக் குறிப்பிட்ட அகலங்களிலேயே அவை விற்கப்படுகின்றன. கூடை நகரும் தண்டவாளத்தைப் பொருத்த இரு பக்கமும் பலகை வேண்டும் என்பதால், அந்தத் தடிமனையும் கழித்துவிட்டுத்தான் கூடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஃகு 304 தரமாக இருக்கட்டும். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி, எளிதில் துருப்பிடிக்கும் மலிவான 202 தரத்தையும் விற்றுவிடுவார்கள். காந்தம் இரண்டிலுமே பெரும்பாலும் ஒட்டாது என்பதால், தரத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

மேடைக்கு மட்டும் புதிய கல் போடலாம். கடப்பாவை மேலே போட வேண்டாம். அது சுண்ணாம்புக் கல் ஆதலால், புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் மங்கிவிடும். அடர்நிறக் கிரானைட் நல்லது. வெளிர்நிறத்தில் மஞ்சள் கறை எளிதில் தெரியும். கல் போடும் முன் உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்கி நிற்கும்போது அதற்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால்தான், நாள்தோறும் நின்று சமைப்பவரின் முதுகும் தோளும் வலிக்காது.

கதவு போட்டவுடன் சிலிண்டரை உள்ளே மறைத்துவிடத் தோன்றும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். எனவே சிலிண்டரை வெளியே வைப்பதே உத்தமம். வேறு வழியில்லையென்றால், அந்தக் கதவின் அடிப்பகுதியில் தாராளமான காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். இதில் மட்டும் அழகைப் பார்க்காதீர்கள்.

தொகையில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கெனத் தனியே எடுத்துவைத்துவிட்டு, குழாய், மின்கம்பி வேலைகளை முதலில் முடியுங்கள். ஓவன், இண்டக்‌ஷன் போன்றவற்றுக்கு 16 ஆம்பியர் பிளக் தேவைப்படும்; டைல்ஸ் ஒட்டியபின் சுவரை உடைப்பது இரட்டைச் செலவு. கல்லும் டைல்ஸும் முடிந்த பிறகே தச்சர் அளவெடுக்க வேண்டும். பணம் மீதமிருந்தால் மேல் அலமாரி. இல்லையென்றால் அது அடுத்த ஆண்டு வரட்டும்.

கேள்வி: குழாய் இல்லாத சிம்னி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அது புகையை வடிகட்டி, அதே காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடும், வெப்பமும் நீராவியும் வெளியேறாது. தாளிப்பும் வறுவலும் மிகுந்த வீட்டுக்கு, வெளிச்சுவரில் அடுப்புக்கு அருகே, உயரத்தில் பொருத்திய எக்ஸாஸ்ட் மின்விசிறி அதைவிடக் குறைந்த விலையில் கூடுதல் பயன் தரும். பிற்காலத்தில் குழாய் வைத்த சிம்னி வாங்கும் எண்ணம் இருந்தால், இப்போதே சுவரில் ஆறு அங்குல விட்டத்தில் ஒரு துளை விட்டு மூடி வையுங்கள்.