அகபாந்தஸ்: இலை செழிக்கிறது, பூ வரவில்லை

கேள்வி: மூன்று ஆண்டுகளாகத் தொட்டியில் வளரும் அகபாந்தஸ் பூச்செடி அடர்ந்து இலை விடுகிறது, பூந்தண்டு ஒன்றுகூட எழவில்லை. அதைப் பிரித்து நடலாமா? நண்பர் கொடுத்த விதைகளும் என்னிடம் உள்ளன, அவற்றை விதைக்கலாமா?

பதில்: பிரிப்பதற்கு முன் செடி நிற்கும் இடத்தைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடிக்கு நல்ல வெயில் வேண்டும். நிழலில் வைத்தாலும், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரத்தைத் தொடர்ந்து கொடுத்தாலும், அது தன் வலுவையெல்லாம் இலையிலேயே செலவிட்டுவிடும். ஆகவே அந்த உரத்தை நிறுத்திவிட்டு, வளரும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடிய திரவ உரம் ஊற்றுங்கள். பலர் தவறுவது தண்ணீரில்தான். வறட்சியைத் தாங்கும் செடி என்று நம்பி, பூக்காலம் கழிந்ததும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அடுத்த ஆண்டுக்கான மொட்டு கோடையின் இறுதியிலிருந்தே உள்ளே உருவாகத் தொடங்குவதால், அப்போது காய்ந்த செடி மறு ஆண்டு பூக்காது.

வேர்கள் நெருங்கினால்தான் பூக்கும் என்று சொல்வது பாதிதான் உண்மை. ஓரளவு நெருக்கம் கெடுதல் செய்யாது. ஆனால் தடித்த வெள்ளை வேர்கள் மண்ணை மேலே தள்ளி, ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் தொட்டியின் ஓரமாக வழிந்தால், பிரிப்பதற்கு நேரம் வந்துவிட்டது. குளிர் விலகி வளர்ச்சி தொடங்கும் இளவேனிலில் செடியைத் தொட்டியோடு கவிழ்த்து எடுத்து, பழைய ரம்பத்தாலோ ரொட்டிக் கத்தியாலோ அறுத்துவிடலாம். கையால் பிய்க்க முயன்றால் வேர்கள்தான் முறியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று குருத்துகளாவது இருக்கட்டும். சாறு தோலை அரிக்கக்கூடும், கையுறை அணியுங்கள். குருத்தின் அடிப்பகுதி மண்ணுக்குச் சற்றே கீழே இருக்குமாறு, நீர் நன்றாக வடியும் மண்ணில் நடுங்கள். பிரித்த செடி ஓரிரு ஆண்டு பூக்காமல் இருப்பது இயல்பே.

விதைகளைப் பொறுத்தவரை, கறுத்துத் தட்டையாக, ஒரு பக்கம் மெல்லிய இறக்கையுடன் இருக்கும் அவை இந்தப் பருவத்தில் பழுத்தவையா என்று நண்பரிடம் கேளுங்கள். நாளானவற்றின் முளைப்புத்திறன் குறைந்துவிடும். மெல்லிதாக மண் தூவி ஈரம் காத்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முளைக்கும். பூவைக் காண மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆகும்; கலப்பினத்தின் விதையானால் தாய்ச்செடியின் நிறமும் உயரமும் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. நண்பரிடம் உள்ள அதே நீலம்தான் வேண்டுமென்றால், விதையை விட்டுவிட்டு அவருடைய செடியிலிருந்து ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள்.