பக்கத்து மேசை நாய் கையை நக்கிவிட்டது: ஊசி போட வேண்டுமா?

கேள்வி: நாங்கள் கலிபோர்னியாவில், ஃபிரீமாண்டில் இருக்கிறோம். மூன்று வாரம் முன்பு, மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமியாரையும் ஆறு வயது மகனையும் கூட்டிக்கொண்டு ஓர் உணவகத்துக்குப் போனோம். வெளியே பேட்டியோவில்தான் இடம் கிடைத்தது. பக்கத்து மேசைக்காரர்கள் பெரிய நாய் ஒன்றைக் கூட்டி வந்திருந்தார்கள். அது மகனின் கையை நக்கிவிட்டது. நான் கவனிப்பதற்குள் அவன் அதே கையால் ஃபிரைஸ் எடுத்துத் தின்றுவிட்டான். பரிமாறிய பெண்ணும் அந்த நாயைக் கொஞ்சிவிட்டு, கை கழுவாமல் எங்கள் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு மாமியார் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அவருக்கு நான்கு வருடம் முன்பு சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது, சர்க்கரையும் உண்டு. மகனுக்கு வீசிங் உண்டு. "சாப்பிடும் இடத்தில் நாயை விடுவதா?" என்று மாமியார் இன்னும் ஆற்றாமையோடு இருக்கிறார். கணவரோ இதைப் பெரிதுபடுத்தாதே என்கிறார். யார் சொல்வது சரி? மகனுக்கு ஊசி போட வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஊசி வேண்டாம். அந்த ஒரு கவலையை இப்போதே இறக்கி வைத்துவிடுங்கள்.

காயமோ சிராய்ப்போ இல்லாத தோலை நாய் நக்கினால் ரேபிஸ் தடுப்பூசி தேவையில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அந்தக் கை வாய்க்குப் போய்விட்டதே என்று உங்களுக்கு உறுத்தும். ஆனால் அது ஒரு வீட்டில் வளர்கிற, ஆரோக்கியமாக இருந்த நாய். கலிபோர்னியாவில் மூன்று மாதம் தாண்டிய எல்லா நாய்க்கும் ரேபிஸ் ஊசி போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நாய்களுக்குள் பரவும் ரேபிஸ் வகை அமெரிக்காவில் ஒழிந்துவிட்டதாக 2007இல் அறிவித்தார்கள். இங்கே ரேபிஸ் என்றால் மருத்துவர்களான நாங்கள் கவலைப்படுவது வௌவால், ஸ்கங்க் போன்ற காட்டு விலங்குகளைப் பற்றித்தான். வயிற்றுக் கிருமி ஏதாவது போயிருந்தால் அதுவும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பேதியாகத் தெரிந்திருக்கும். மூன்று வாரம் ஆகியும் பையன் நன்றாக இருக்கிறான் என்றால், அந்த ஃபிரைஸை மறந்துவிடலாம்.

மாமியாரின் பயத்தை மட்டும் யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், முக்கியமாக உங்கள் கணவர். நான் தமிழ்நாட்டில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ரேபிஸ் வந்த ஒருவரைப் பார்த்தேன். தண்ணீர் டம்ளரைக் கிட்டே கொண்டுபோனாலே தொண்டை இறுகி உடம்பு தூக்கிப் போடும். இடையிடையே தெளிந்து எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். குட்டி நாயின் பல் பட்ட சின்னக் கீறல்தானே என்று இரண்டு மாதம் முன்பு விட்டுவிட்டிருந்தார். அறிகுறி தொடங்கிய பிறகு எங்கள் கையில் மருந்து எதுவும் இல்லை. உலகத்தில் ரேபிஸால் இறப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியாவில்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த மண்ணில் வாழ்ந்த ஒருவர் நாயைக் கண்டதும் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார் என்றால், அது அவர் வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம். இந்த ஊரில் அந்த ஆபத்து ஏன் குறைவு என்பதை அவருக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள்.

சரி, நாயை விடலாமா கூடாதா? மருத்துவராக என் பதில்: திறந்தவெளியில் விடலாம். ஆனால் சட்டம் வைத்திருக்கும் நிபந்தனைகளில் ஒன்றைக்கூடத் தளர்த்தக் கூடாது. நீங்கள் போன உணவகம் அதில் மிக முக்கியமான ஒன்றைத் தளர்த்தியிருக்கிறது.

கலிபோர்னியாவில் உணவகங்களின் வெளிப்பகுதியில் வளர்ப்பு நாய்களை அனுமதிக்கும் சட்டம் 2014இல் நிறைவேறி, 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உணவகம் நாயை அனுமதித்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. முடிவு உரிமையாளருடையது. நகராட்சியோ, நம் ஊர் மாவட்டம் போன்ற கவுன்டியோ தடை போடவும் வழி உண்டு. அனுமதித்தால் சில விதிகள் இருக்கின்றன. நாய் உணவகத்துக்குள் நுழையாமல் வெளியிலிருந்தே பேட்டியோவுக்கு வர தனி வழி இருக்க வேண்டும். லீஷில் கட்டியோ கூடையில் வைத்தோ, சொந்தக்காரரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். நாற்காலி, பெஞ்ச், மேசை எதன் மேலும் ஏறக் கூடாது. நாய்க்குத் தண்ணீரோ தீனியோ கொடுத்தால் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கிண்ணத்தில்தான். நாய் இருக்கும் இடத்தில் சமையல் வேலை எதுவும் நடக்கக் கூடாது. அது அசுத்தம் செய்தால் உடனே கழுவிக் கிருமிநாசினி போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உணவைக் கையாளும் ஊழியர் வேலை நேரத்தில் நாயைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் கை கழுவிய பிறகுதான் அடுத்த வேலை. நியூயார்க் மாநிலமும் 2015இல் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மாநிலங்களுக்காக வெளியிடும் மாதிரி உணவு விதித்தொகுப்பிலும் 2022 பதிப்பில் இதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள்.

இதில் எனக்கு மற்ற விதிகளைவிட கை கழுவும் விதிதான் பெரிது. நாய் மூன்றடி தள்ளிப் படுத்திருப்பதால் உங்கள் தட்டுக்குக் கிருமி பறந்து வராது. அது வருவது கை வழியாகத்தான். நாயின் வாயிலும் ரோமத்திலும் பின்பக்கத்திலும் இருப்பது கொஞ்சிய கைக்கு வரும், கையிலிருந்து தட்டின் விளிம்புக்கு, ஸ்பூனுக்கு, ரொட்டிக்கு வரும். காம்பிலோபாக்டர், சால்மொனெல்லா போன்ற வயிற்றுக் கிருமிகளை நல்ல ஆரோக்கியமாகத் தெரியும் நாய்கூடச் சுமந்திருக்கலாம். குட்டிகளிடமும், பச்சை இறைச்சி தின்னும் நாய்களிடமும் இது அதிகம். 2016க்கும் 2018க்கும் இடையில், கடைகளில் விற்ற நாய்க்குட்டிகள் வழியாக 17 மாநிலங்களில் 113 பேருக்குக் காம்பிலோபாக்டர் தொற்று வந்ததை இங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. பதிவு செய்தது. அவர்களில் பெரும்பாலோர் குட்டியை வாங்கியவர்கள், அல்லது கடையில் வேலை பார்த்தவர்கள். பேட்டியோவில் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது அவ்வளவு நெருக்கமான தொடர்பு கிடையாது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் உணவு வழியாக வரும் நோய்களில் முதலிடம், வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோவைரஸுக்கு. அதை உணவகத்தில் பரப்புவது பெரும்பாலும் கழுவாத மனிதக் கை. நாய் இல்லாத உணவகத்திலும் கை கழுவாத சர்வர் இருந்தால் மாமியாருக்கு ஆபத்து உண்டு. அந்தப் பெண்ணிடம் "கொஞ்சம் கை கழுவிட்டு வேறு தட்டு கொண்டுவர முடியுமா, இவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு" என்று நீங்கள் கேட்டிருந்தால் அதில் எந்தத் தவறும் இல்லை. அடுத்த முறை தயங்காமல் கேளுங்கள். மேலாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால், ஃபிரீமாண்ட் இருக்கும் அலமேடா கவுன்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையிடம் புகார் செய்யலாம். உணவகங்களைச் சோதனை போடுவது அவர்கள்தான்.

இனி மாமியார். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவை எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துத்தான் வேலை செய்கின்றன. நமக்கு இரண்டு நாள் பேதியோடு போகும் கிருமி அவருக்கு ரத்தம் வரை ஏறலாம். நாயின் எச்சிலில் சாதாரணமாகவே இருக்கும் கேப்னோசைட்டோஃபாகா என்ற பாக்டீரியா, நல்ல உடல்நிலையில் இருப்பவர்களை அநேகமாக ஒன்றும் செய்யாது. மண்ணீரல் எடுத்தவர்கள், கல்லீரல் சுருங்கியவர்கள், அவரைப் போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு அது காயம் வழியாக உள்ளே போனால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

காயம் என்றதும் பெரிய வெட்டை நினைக்காதீர்கள். நான் முதலில் நினைப்பது அவருடைய குதிகாலைத்தான். ஊரிலிருந்து வருகிற அம்மாக்கள் பலருக்குப் பித்தவெடிப்பு இருக்கும். சர்க்கரை இருந்தால் காலில் உணர்ச்சியும் குறைந்திருக்கும். செருப்புப் போட்ட காலை மேசைக்கு அடியில் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து நாய் வந்து நக்கினால், அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அதனால் பேட்டியோவுக்குப் போகும்போது சாக்ஸும் மூடிய ஷூவும் போட்டுவிடுங்கள். ஓரமாக, சுவர்ப் பக்கம் உட்கார வையுங்கள். நாய் நக்கிவிட்டது என்றால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளையும் பேதியாகும் நாய்களையும் அவர் தொடவே வேண்டாம். வளர்ந்த, ஆரோக்கியமான நாய் இரண்டு மேசை தள்ளிப் படுத்திருக்கிறது என்பதற்காக அவர் பட்டினியாக எழுந்து வர வேண்டியதில்லை.

சில நேரம் உணவகத்துக்கு உள்ளேயும் நாயைப் பார்ப்பீர்கள். பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது, வலிப்பு வருபவருக்கு உதவுவது போன்ற வேலைகளுக்குப் பயிற்சி பெற்ற நாயாக இருந்தால், மாற்றுத் திறனாளிகளுக்கான கூட்டாட்சிச் சட்டப்படி வாடிக்கையாளர் இருக்கும் இடமெல்லாம் அதற்கு அனுமதி உண்டு. எனக்குப் பயம், எனக்கு ஒவ்வாமை என்று சொல்லி அதை வெளியேற்ற முடியாது. வேறு மேசை கேட்கலாம். இதையும் மாமியாரிடம் சொல்லிவையுங்கள். அந்த நாய் பார்வையற்றவருக்குக் கண் மாதிரி என்று சொன்னால் மாமியாருக்குப் புரியும்.

பையனின் வீசிங்குக்கு வருகிறேன். நாய் ஒவ்வாமைக்குக் காரணம் முடி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் எச்சிலிலும் உதிரும் தோல் துகளிலும் இருக்கும் புரதங்கள்தான் காரணம். காற்றோட்டமான வெளியில் அவை கலைந்து போய்விடும். ஆனால் குளிர் காலத்தில் பல உணவகங்கள் பேட்டியோவைச் சுற்றி பிளாஸ்டிக் திரை கட்டி ஹீட்டர் வைத்துவிடுகின்றன. பெயருக்குத்தான் அது வெளி. காற்றைப் பொறுத்தவரை மூடிய அறைதான். நாய்கள் வந்துபோன அப்படிப்பட்ட இடத்தில், மெத்தை வைத்த இருக்கைகளுக்கு நடுவே அவனை உட்கார வைக்காதீர்கள். இன்ஹேலர் எப்போதும் பையில் இருக்கட்டும். நாய் உள்ள நண்பர் வீட்டுக்குப் போய்வந்தால் இருமுகிறானா, கண் அரிக்கிறதா என்று கவனியுங்கள். ஆமாம் என்றால் ஒவ்வாமைப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். வெறும் சந்தேகத்தில் எல்லா நாயையும் ஒதுக்க வேண்டாம்.

அவனுக்காக நான் உண்மையிலேயே பயப்படுவது கடிக்குத்தான். ஆறு வயதுப் பிள்ளையின் முகம் பெரிய நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு நாய்க்கடி தலையிலும் முகத்திலும் படுவது அதனால்தான். பேட்டியோவில் நாயின் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். மேசைக் காலில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். சத்தம், சூடு, காலுக்குக் கால், எங்கே பார்த்தாலும் சாப்பாட்டு வாசனை. நகர்ந்து போக இடமில்லை. அந்த நேரத்தில் கீழே விழுந்த ஸ்பூனை எடுக்க ஒரு குழந்தை மேசைக்கு அடியில் தவழ்ந்து வந்தால், சாதுவான நாய்கூட மிரண்டு பல்லைக் காட்டிவிடும். அவனுக்கு மூன்று விஷயம் சொல்லிக்கொடுங்கள்: கீழே விழுந்ததை அவன் எடுக்கக் கூடாது, அப்பாதான் எடுப்பார். சொந்தக்காரரிடம் கேட்காமல் எந்த நாயையும் தொடக் கூடாது. நாய் தின்னும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகவே கூடாது. உங்களுக்கும் ஒன்று: நாய் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ, அடிக்கடி கொட்டாவி விட்டாலோ, உடம்பை விறைத்துக் கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தாலோ அதற்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எழுந்து மேசையை மாற்றிக்கொள்ளுங்கள். அவன் தட்டிலிருந்து எதையும் நாய்க்குப் போடவும் விடாதீர்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எல்லாம் அதற்கு நஞ்சு.

கடித்தே விட்டால், சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். நாயின் சொந்தக்காரரிடம் தொலைபேசி எண்ணையும் ரேபிஸ் ஊசி போட்ட விவரத்தையும் வாங்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். இங்கே ஆரோக்கியமான வளர்ப்பு நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைப்பார்கள். அது நன்றாக இருந்தால் பெரும்பாலும் பிள்ளைக்கு ரேபிஸ் ஊசி தேவைப்படாது. இதே கடி மதுரையில் நடந்தால் காத்திருக்கக் கூடாது. கழுவியவுடன் மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்கிவிட வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். இங்கே நாயோடு பழகிய பிள்ளைகள் அங்கே தெருக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சப் போய்விடுகிறார்கள்.

கடைசியாக மாமியாருக்காக ஒன்று. அவர் இங்கே இருக்கும் நாட்களில், வெளியே சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பேதியானாலும் அப்படித்தான். பேதியின்போது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு ஏறி, அந்தச் சிறுநீரகத்தையே பாதிக்கலாம். ஊரிலிருந்து வருபவர்களுக்கு எடுக்கும் பயணக் காப்பீடு பலவும் ஏற்கெனவே உள்ள நோய்க்குச் செலவு தராது என்பதால் நம்மவர்கள் "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். உங்கள் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் படித்துப் பாருங்கள். அவருடைய மாத்திரைப் பட்டியலையும், மதுரையில் அவரைப் பார்க்கும் சிறுநீரக மருத்துவரின் எண்ணையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.